காந்தம் அளந்த குருதி ஓட்டம்

கொங்கு நாட்டில் போர்வெல் போட்டு முடித்தவரிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இஞ்ச் தண்ணி?" என்பதுதான். இரண்டு இஞ்ச் என்றால் முகம் மலரும். அரை இஞ்ச் என்றால் அடுத்த பாயிண்ட் பார்க்க ஆள் தேடுவார்கள். வெளியே பீறிடும் தண்ணீரை, முக்கோணமாக வெட்டிய தகட்டின்மேல் வழியவிட்டு, வழியும் உயரத்தைக் கொண்டு கணக்குச் சொல்வது பொறியாளர் முறை. மழை குறைந்த சீமை இது. கவலை ஏற்றத்தில் மாடு பூட்டிப் பறியால் இறைத்த காலத்திலிருந்தே இங்கே ஓட்டத்தின் அளவு பிழைப்போடு ஒட்டிய சங்கதி.

கையிலும் காலிலும் ஓடும் ரத்தத்தைத் தகட்டின்மேல் வழியவிட்டு அளக்க முடியாது.

அதை அளந்தாக வேண்டிய தேவை மட்டும் இந்த மண்ணில் அதிகம். 1888ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய காலம் முதல் கோவையின் வளர்ச்சி இயந்திரத்தோடு பிணைந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் பெருகின. 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் தயாரான முதல் மோட்டார் என்று அதைச் சொல்வது வழக்கம். பிறகு பம்பு, லேத் பட்டறை, பவுண்டரி, விசைத்தறி, கரும்பாலை. கார்டிங் இயந்திரத்தில் சிக்கிய கையும், பவர் பிரஸ்ஸில் நசுங்கிய விரலும் இந்த வளர்ச்சியின் மறுபக்கம். அந்தக் கைக்கு ரத்தம் போகிறதா, எவ்வளவு போகிறது என்பதே விரல் நிற்குமா நீங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. சர்க்கரை நோயாளியின் காலுக்கும் அதே கேள்விதான்.

உடலைக் கீறாமல் இதற்கு விடை காண மருத்துவர்கள் முதலில் கையாண்டது எளிய தந்திரம். தொடையிலோ கையிலோ பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, சிரை வழியே ரத்தம் திரும்பாதபடி சற்று நேரம் தடுப்பார்கள். தமனி வழியே உள்ளே வருவது நிற்காது. அதனால் கை மெல்ல வீங்கும். வீங்கும் வேகமே ரத்தம் வரும் வேகம். 1909ல் அமெரிக்காவில் ஹியூலட்டும் வான் ஸ்வாலுவன்பர்க்கும் மனிதக் கையில் இதைச் செய்து காட்டினார்கள். நல்ல முறைதான். ஆனால் ஓட்டத்தைத் தடுத்துத்தான் ஓட்டத்தை அளக்க வேண்டியிருந்தது.

காந்தத்தால் ஓட்டத்தை அளக்கலாம் என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. 1832 ஜனவரியில் மைக்கேல் ஃபாரடே லண்டன் வாட்டர்லூ பாலத்தின்மேல் 960 அடி நீளச் செம்புக் கம்பியை விரித்து, அதன் முனைகளில் கட்டிய தகடுகளைத் தேம்ஸ் ஆற்றில் இறக்கினார். பூமியின் காந்தப்புலத்தின் குறுக்கே ஆற்று நீர் ஓடும்போது சிறு மின்னழுத்தம் பிறக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரி. கருவிதான் போதவில்லை, நம்பும்படியான அளவு கிடைக்கவில்லை. நூறாண்டு கழித்து, 1936ல், அலெக்ஸாண்டர் கோலின் அதே விதியை ரத்தக்குழாய்மேல் செலுத்தி வெற்றி கண்டார். அளவு துல்லியமாக வந்தது. ஆனால் குழாயை வெட்டி வெளிப்படுத்தினால்தான் அதைக் காந்தத்துக்கு நடுவே பிடிக்க முடியும். அறுவை அரங்குக்கு அது பொருந்தியது. கால்வலி என்று நடந்து வருபவருக்குப் பொருந்தவில்லை.

அடுத்த அடி பெங்களூரில் விழுந்தது. கோவையிலிருந்து ஓர் இரவுப் பயண தூரத்தில் நடந்த இந்த வேலை நம் ஊரில் பரவலாகத் தெரியாமல் போனது வருத்தமான விஷயம்.

1946ல் அமெரிக்காவில் பிளாக், பர்செல் இருவரும் தனித்தனியே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வைக் கண்டார்கள். 1952ல் அதற்கு நோபல் பரிசு வந்தது. தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலுவான காந்தத்துக்குள் ஒரு திசையை நாடி நிற்கும். தக்க ரேடியோ அலையைச் செலுத்தினால் அவை ஆற்றலை ஏற்று, கம்பிச்சுருளில் பதிவாகும் ஒரு சமிக்ஞையைத் தரும். இது புதுச் செய்தியாக இருந்த காலத்திலேயே, பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன் ஒரு கேள்வி கேட்டார்: தண்ணீர் நிற்காமல் ஓடினால் என்ன ஆகும்?

நிற்கும் தண்ணீரில் ரேடியோ அலையை ஓங்கிச் செலுத்தினால் அணுக்கருக்கள் தெவிட்டிப்போகும். மேற்கொண்டு ஆற்றலை ஏற்க இயலாமல் சமிக்ஞை மங்கிவிடும். சூர்யன் காந்தத்துக்கு நடுவே இருந்த குழாயில் தண்ணீரை ஓடவிட்டார். தெவிட்டிய நீர் வெளியேற, தெவிட்டாத புது நீர் உள்ளே வர, சமிக்ஞை ஓங்கியது. ஓட்டத்துக்கும் சமிக்ஞைக்கும் உள்ள இந்த உறவு 1951ல் இந்திய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில் வெளியானது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1934ல் தொடங்கிய அகாடமி அது. ஓடும் திரவத்தில் காந்த ஒத்ததிர்வை ஆராய்ந்த முதல் கட்டுரை என்று உலக ஆய்வாளர்கள் அதைச் சுட்டுகிறார்கள்.

அந்தப் பரிசோதனையில் ரத்தம் இல்லை, நோயாளி இல்லை. ஆனால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் தேவையான விதி அதில் இருந்தது. தசையும் எலும்பும் கொழுப்பும் அசையாதவை, தெவிட்டிப் பேச்சற்றுப்போகும். குழாயில் ஓடும் ரத்தம் மட்டும் புதிது புதிதாக வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். ரத்தத்தில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் மருந்து ஏற்ற வேண்டாம், ஊசி வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

1959ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜெரோம் சிங்கர் உயிருள்ள எலியின் வாலில் ரத்த ஓட்டத்தை இப்படி அளந்தார். 1970ல் மோர்ஸும் சிங்கரும் மனிதர்களிடமே அளந்து காட்டினார்கள். அதைத் தொடர்ந்து மில்வாக்கியில் ஜோசப் பாட்டோக்லெட்டியின் குழு கையையும் காலையும் காந்தத்துக்குள் நீட்டி ரத்த ஓட்டம் அளக்கும் கருவிகளை உருவாக்கியது. நாடித் துடிப்போடு ஓட்டம் ஏறி இறங்குவதை அவற்றில் வரைகோடாகப் பார்க்க முடிந்தது.

இந்தத் தனிக்கருவி பரவவில்லை. காந்தம் கனமானது, மருத்துவர் அதைப் படுக்கைப் படுக்கையாகத் தூக்கிச் செல்ல முடியாது. ஒலி அலையால் அளக்கும் டாப்ளர் கருவி கைக்கு அடங்கியது, விலையும் குறைவு. ஆனால் சூர்யன் கண்ட விதி, அதே காந்த ஒத்ததிர்வால் உடலைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் போய் வாழ்ந்தது. மருந்து செலுத்தாமல் ரத்தக்குழாயைப் படமெடுக்கும் 'டைம் ஆஃப் ஃப்ளைட்' முறையின் அடிப்படை அதுவேதான்: அசையாத திசு மங்கும், புதிதாக நுழையும் ரத்தம் ஒளிரும். சிறுநீரகம் பழுதுபட்ட சர்க்கரை நோயாளிக்குப் படமெடுக்கும் மருந்து ஆபத்தாகலாம் என்பதால், ஊசியில்லாத இந்த வழியின் மதிப்பு அதிகம்.

கோவைக்கும் இந்தக் கதையில் ஒரு பக்கம் உண்டு. 1978ல் டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதனும் கனகவல்லியும் தொடங்கிய கங்கா மருத்துவமனையில், அவர்களுடைய மகன் டாக்டர் எஸ். ராஜசேகரன் முதுகெலும்பு வட்டுகளை எம்.ஆர்.ஐ.யில் ஆராய்ந்தார். வட்டின் நடுவே ரத்தக்குழாய் கிடையாது. அக்கம்பக்கத்திலிருந்து ஊறிவரும் சத்தில்தான் அது பிழைக்கிறது. மருந்தைச் செலுத்தி 24 மணி நேரம் அடுத்தடுத்துப் படமெடுத்து, அந்த ஊறல் எப்படி நடக்கிறது, தேய்ந்த வட்டில் எங்கே கெடுகிறது என்று அவரது குழு காட்டியது. 2004ல் இந்த ஆய்வு முதுகெலும்பு ஆராய்ச்சிக்கான ஐ.எஸ்.எஸ்.எல்.எஸ். பரிசைப் பெற்றது. அது கை, கால் பற்றிய ஆய்வு அல்ல; ஊசியும் தேவைப்பட்டது. ஆனாலும் உயிருள்ள உடலுக்குள் நடக்கும் ஊறலைக் காந்தத்தால் அளந்த பணி என்ற வகையில் அது இந்த வரிசைக்கே உரியது.

அதே மருத்துவமனையில் இன்னொரு மகன் டாக்டர் எஸ். ராஜா சபாபதி கட்டியெழுப்பிய கை அறுவைப் பிரிவு, துண்டான விரல்களையும் கைகளையும் ஒட்டுவதில் பெயர் பெற்றது. ஒட்டிய விரலில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க உலகெங்கும் நம்பப்படுபவை எளிய சோதனைகள்: நிறம், சூடு, நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்பும் வேகம். மணிக்கு மணி செவிலியர் வந்து செய்ய வேண்டிய வேலை இது. எந்தக் காந்தமும் இன்னும் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை.

கோவையின் பொறியியல் கல்லூரிகளில் உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஃபாரடே, பிளாக், பர்செல் பெயர்கள் பாடத்தில் வருகின்றன. அவற்றோடு 1951ஆம் ஆண்டையும் ஜி. சூர்யன் பெயரையும் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் தண்ணீர்க் குழாயும் வைத்து அந்தப் பரிசோதனையை மாணவர்கள் கையாலேயே செய்ய வைக்க வேண்டும்.