ஈவன்ஸ் வைத்த தூண்டில்

சதுரங்கப் போட்டிக்குச் செல்லும் இளம் ஆட்டக்காரர் பலருக்கு ஒரு சங்கடம் நேர்வதுண்டு. ஆட்டம் தொடங்கிய நான்காவது நகர்த்தலிலேயே எதிராளி ஒரு சிப்பாயை இனாமாக நீட்டுகிறார். எடுத்துக்கொண்டால், பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களில் நம் ராஜாவுக்கே ஆபத்து வந்துவிடுகிறது. கடிகாரம் ஓடுகிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தகைய தொடக்க ஆட்டங்களுள் பெயர் பெற்றது ‘ஈவன்ஸ் காம்பிட்’. சுமார் எழுபது ஆண்டுக் காலம் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களையே திணற அடித்த தொடக்கம் இது. அதற்கு விடை கண்ட வரலாறு, சாதாரண ஆட்டக்காரருக்கும் நல்ல பாடமாக அமைகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு கப்பல் தலைவர். வேல்ஸ் நாட்டில் 1790இல் பிறந்த வில்லியம் டேவிஸ் ஈவன்ஸ், தபால் கப்பல் ஓட்டிப் பிழைத்தவர். 1824ஆம் ஆண்டையொட்டி இந்தத் தொடக்கத்தை அவர் வகுத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் லண்டனில், பிரிட்டனின் முன்னணி ஆட்டக்காரரான மெக்டானலை இதே ஆயுதத்தால் இருபதே நகர்த்தல்களில் வீழ்த்தினார்.

அப்படி இதில் என்ன இருக்கிறது? பலகையின் நெடுவரிசைகளை இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று எச் வரையும், குறுக்கு வரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் குறிப்பது வழக்கம். இரு தரப்பும் ராஜாவின் சிப்பாயை இரு கட்டம் நகர்த்தி, ஒரு குதிரையையும் ஒரு பிஷப்பையும் வெளியே கொண்டுவருகின்றன. கறுப்பின் பிஷப் சி5 கட்டத்தில் நிற்கிறது. அப்போது வெள்ளை தன் சிப்பாயைப் பி4க்கு நகர்த்தி, “எடுத்துக்கொள்” என்கிறது. பிஷப் அதை வெட்டுகிறது. உடனே சி3க்கு வரும் மற்றொரு சிப்பாய் பிஷப்பை விரட்டுகிறது. அது ஏ5க்கு ஓடுகிறது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கறுப்பு ஐந்து முறை நகர்த்தியுள்ளது. அவற்றில் மூன்று அந்த ஒரே பிஷப்புக்குச் செலவாகிவிட்டன. வெள்ளையோ டி4இல் சிப்பாயை நிறுத்தி நடுப்பலகையைப் பிடிக்கத் தயாராகிவிட்டது. அதன் ராணி பி3க்கு வந்து, கறுப்பு ராஜாவின் அருகிலுள்ள எஃப்7 சிப்பாயைத் தாக்கலாம். மற்றொரு பிஷப் ஏ3க்கு வந்தால் கறுப்பு ராஜா கோட்டை கட்டவும் இயலாமற்போகலாம். ஆக, ஒரு சிப்பாயை விலையாகக் கொடுத்து வெள்ளை வாங்கியது காலத்தை.

இந்தக் காலத்தின் மதிப்பை 1852இல் பெர்லினில் ஆண்டர்சன் காட்டினார். டுஃப்ரேனுக்கு எதிராக ஈவன்ஸ் காம்பிட்டில் தொடங்கிய அவருடைய ஆட்டம், ‘என்றும் பசுமையான ஆட்டம்’ என்று இன்றளவும் போற்றப்படுகிறது.

முதல் உலக சாம்பியனான ஸ்டைனிட்ஸின் கொள்கை வேறு. கொடுத்த சிப்பாயை வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை நெருக்கடி வந்தாலும் பொறுத்துக் காக்க வேண்டும் என்பார் அவர். ரஷ்யாவின் சிகோரின் இதை ஏற்கவில்லை. 1889இல் ஹவானாவில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் ஸ்டைனிட்ஸ்தான் வென்றார். ஆயினும் சிகோரினின் ஈவன்ஸ் காம்பிட் அவரைப் பலமுறை வாட்டியது. பின்னர் 1890–91இல் இருவரும் தந்தி வழியாக இரண்டு ஆட்டங்கள் ஆடினர். இரண்டிலும் சிகோரினே வென்றார். அவற்றுள் ஒன்று ஈவன்ஸ் காம்பிட். சிப்பாயைக் காப்பாற்றப் போய், ஸ்டைனிட்ஸின் காய்கள் மூலையில் நெருக்குண்டு கிடந்தன.

விடையைத் தந்தவர் இமானுவேல் லாஸ்கர். 1894இல் ஸ்டைனிட்ஸை வென்று, 1921 வரை உலக சாம்பியனாக விளங்கியவர் அவர். சிப்பாயை எடுத்துக்கொள், ஆனால் அதைக் கட்டி அழாதே என்பது அவர் வழியின் சாரம். ஏ5இல் பிஷப் நிற்க, வெள்ளை கோட்டை கட்டியதும் கறுப்பு தன் சிப்பாயை டி6க்கு நகர்த்துகிறது. வெள்ளை டி4 ஆடினால் பிஷப் அமைதியாகப் பி6க்குப் பின்வாங்குகிறது. இப்போது வெள்ளை இ5இல் சிப்பாயை வெட்டி, ராணிகளையும் மாற்றிக்கொண்டு, இழந்த சிப்பாயை மீட்கலாம். மீட்டால் என்ன ஆகும்? ராணிகள் போனதும் தாக்குதலும் போய்விடும். வெள்ளையின் ஏ, சி வரிசைச் சிப்பாய்கள் துணையின்றித் தனித்து நிற்கும். இறுதியாட்டத்தில் கறுப்பின் கையே ஓங்கும். மீட்காவிட்டால், உறுதியான நிலையில் ஒரு சிப்பாய் கறுப்பிடம் மிச்சம்!

இதற்குப் பிறகு பெரிய போட்டிகளில் ஈவன்ஸ் காம்பிட் அரிதாயிற்று. ஆனால் மறைந்துவிடவில்லை. 1995இல் ரீகா நகரில் காஸ்பரோவ் அதைத் தூசி தட்டி எடுத்தார். எதிரே அமர்ந்திருந்தவர் நம் விசுவநாதன் ஆனந்த். அவர் பிஷப்பை இ7க்குக் கொண்டுபோய், வெள்ளைப் பிஷப்பை விரட்டக் குதிரையை ஏ5க்கு அனுப்பினார். மூன்று நகர்த்தல்களுக்குள் அந்தக் குதிரை பழைய இடமான சி6க்கே திரும்ப நேர்ந்தது. 25ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது, வெற்றி காஸ்பரோவுக்கு. ஆனந்தைப் போன்ற மேதைக்கும் காலக் கணக்கில் சலுகை இல்லை.

போட்டியாடும் மாணவர்கள் இதிலிருந்து என்ன கற்கலாம்? இருபது நகர்த்தல்களை நெட்டுருப் போடுவதால் பயன் குறைவு. எதிராளி ஒன்றை மாற்றி ஆடினால் மனப்பாடம் கைவிட்டுவிடும். ஒரே ஒரு விடையைத் தேர்ந்தெடுத்து, அதன் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். சண்டையே வேண்டாமென்றால் சிப்பாயைத் தொடாமல் பிஷப்பைப் பி6க்குப் பின்வாங்கலாம். அதுவும் மரியாதையான ஆட்டமே. எடுத்தால், தக்க சமயத்தில் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருங்கள்.

பலகையை எடுத்து வைத்து, லாஸ்கரின் வழியை ராணிகள் மாறும் வரை ஆடிப் பாருங்கள். அங்கிருந்து அந்த இறுதியாட்டத்தை நண்பர் ஒருவருடன் இரு தரப்பிலும் மாறி மாறி ஆடுங்கள். அடுத்த போட்டியில் எதிராளி பி4இல் சிப்பாயை நீட்டும்போது, உங்கள் கை நடுங்காது.