துளைவழி ஒளியும் இப்னுல் ஹைஸமும்

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் 2020ஆம் ஆண்டு வெறும் பான டப்பா ஒன்று கழற்றப்பட்டது. ஊசித்துளையிட்டு, உள்ளே ஒளியுணர் தாளைப் பொதித்து, 2012இல் பொருத்தியபின் மறக்கப்பட்ட டப்பா அது. எட்டாண்டுக் காலக் கதிரவனின் பாதைகள் 2,953 வளைகோடுகளாக அதில் பதிந்திருந்தன.

இத்தகைய செய்தி வருந்தோறும், ‘கேமராவைக் கண்டவர் இப்னுல் ஹைஸமே’ என நம்மவர் பெருமிதம் கொள்வதுண்டு. இது மிகை என்றே நாம் கருதுகிறோம். கிரகணத்தின்போது சிறுதுளைவழிப் பிறையுரு விழுவதை அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க நூலே குறிப்பிடுகிறது. ஏன் அவ்வாறு விழுகிறது என்பதைக் கணித நெறியில் ஆராய்ந்ததே, ஹிஜ்ரி 354 (கி.பி. 965) அளவில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த அம்மேதையின் சிறப்பு.

கிரகண வடிவம் பற்றிய அவரது சிற்றேடு இதனை விளக்குகிறது. சூரியப் பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் துளையின் வடிவிலேயே திரையில் ஓர் ஒளித்திட்டை இடுகிறது. துளை மிகச் சிறிதாயின் அத்திட்டுகள் சேர்ந்து பிறையாகும். பெரிதாயின் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து, பிறை மறைந்து வட்டமே எஞ்சும். மூன்று நூற்றாண்டுகளுக்குப்பின் பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ இவ்வேட்டுக்கு விரிவுரை கண்டார்.

அந்த டப்பாவின் துளை மிகப் பெரிதாக இருந்திருப்பின், எட்டாண்டுக் கோடுகளும் ஒன்றோடொன்று கலந்து மங்கியிருக்கும்.