ஓமக்குளக் கரையில் எழுந்த கல்விக்கூடம்

நமது கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளின் வரவு செலவையும் வளர்ச்சியையும் பிறர் இம்மலரில் எழுதியிருப்பர். யான் அதற்கும் முற்பட்ட ஒரு வரலாற்றை இளைஞர்களுக்கு எடுத்துக்கூற விழைகின்றேன். நாம் மாலை வகுப்பு நடத்துகின்றோம். ஏழை மாணவர்க்கு நூலும் கட்டணமும் உதவுகின்றோம். பத்தாம் வகுப்பில் தேறியவர்க்குப் பாராட்டு விழா எடுக்கின்றோம். இவையெல்லாம் நம் காலத்தில் தோன்றிய புதுமைகள் என எண்ணிவிடலாகாது. நூறு ஆண்டுகட்கு முன்னரே, இவற்றைக் காட்டிலும் கடினமான பணிகளை, நம்மிலும் வறிய நிலையிலிருந்த முன்னோர் செய்து காட்டியுள்ளனர். அவற்றுள் ஒன்று சிதம்பரத்து நந்தனார் கல்விக் கழகத்தின் வரலாறு.

அக்கழகத்தின் அருமையை உணர, அது தோன்றிய காலத்தின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், 1891ஆம் ஆண்டில் நம் மக்களின் இழிநிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். அதன் பயனாகவே 1892ஆம் ஆண்டில், இன்று பஞ்சமி நிலம் என வழங்கும் நில ஒதுக்கீட்டு ஆணை பிறந்தது என்பதை நம்மவர் பலரும் அறிவர். அதனையடுத்து 1893ஆம் ஆண்டில் கல்வி குறித்தும் ஓர் ஆணை பிறந்தது என்பதை அறிந்தோர் சிலரே. சேரிகளில் பள்ளிகள் திறத்தல், அவற்றுக்கு நிலம் அளித்தல், நம்மவருள் ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு உதவித்தொகை வழங்கல் ஆகியவற்றிற்கு அவ்வாணை வழி வகுத்தது.

அதே காலத்தில் கிறித்தவ மிஷனரிமார் பல ஊர்களில் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வந்தனர். 1894ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றுப் பகுதியில் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் இத்தகைய கல்வி முயற்சிகளுக்குத் துணை நின்றார். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893ஆம் ஆண்டிலேயே நம் மக்களின் குறைகளை வெளியிட இதழ் ஒன்றைத் தொடங்கி நடத்தினார்.

எனினும் ஆணை வேறு, நடப்பு வேறு. 1919ஆம் ஆண்டில் சென்னை அரசு வெளியிட்ட ஒரு கணக்கை இங்கே குறித்தல் வேண்டும். மாகாணத்தில் பொது நிருவாகத்தின் கீழிருந்த பள்ளிகள் 8,157. அவற்றுள் அந்நாளில் பஞ்சமர் எனப்பட்ட நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தவை 609 மட்டுமே. நூற்றுக்கு எட்டுப் பள்ளிகள் கூட இல்லை. சட்டத்தில் தடை ஏதும் இல்லை. வரிப்பணத்தில் நம் பாட்டனாரின் உழைப்பும் கலந்திருந்தது. ஆயினும் பள்ளிகள் அக்கிரகாரத்திலும், கோயில் மண்டபத்திலும், ஊர்ச் சாவடியிலும், உயர்சாதியார் வாடகைக்கு விட்ட வீடுகளிலும் அமைந்திருந்தன. அத்தெருவில் கால் வைக்கவே நம்மவர்க்கு உரிமை இல்லாதபோது, அத்தெருவிலிருந்த பள்ளியில் எவ்வாறு நுழைவது? பொதுத் தெருக்களும் கிணறுகளும் அனைவர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சட்டமன்றத்தில் கொணர்ந்தது 1924ஆம் ஆண்டில்தான். ஆகவே, பள்ளிக்குச் செல்லும் வழி திறக்கப்படும் முன்னரே பள்ளியைக் கட்டியாக வேண்டிய நெருக்கடி நம் முன்னோர்க்கு இருந்தது. அந்த நெருக்கடியில் எழுந்ததே சிதம்பரத்துப் பள்ளி.

அதனை நிறுவிய சுவாமி சகஜானந்தர், 1890ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27ஆம் நாள் வட ஆர்க்காடு மாவட்டம் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் ஒரு மிஷன் பள்ளியில் பயின்றார். சமய மாற்றத்திற்கு உடன்படாமையால் அங்கு அவரது படிப்பு இடையில் நின்றது என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பத்துடன் கோலார் தங்கவயலை அடைந்தார். நம்மவர் ஆயிரக்கணக்கில் மண்ணுக்கடியில் உழைத்த ஊர் அது. அங்கு அவருக்கு ஆன்மிக நாட்டம் மிகுந்தது. பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடுத்துத் தமிழும் வடமொழியும் கற்றுத் துறவு மேற்கொண்டார். சகஜானந்தர் என்னும் பெயர் அப்போது அமைந்தது. 1910ஆம் ஆண்டில், ஏறத்தாழ இருபது வயதில், சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

சிதம்பரம் என்றவுடன் நம் மக்களின் நெஞ்சில் எழுவது நந்தனாரின் நினைவு. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் எனப் போற்றப்படும் அப்பெரியார், கோயிலுக்குள் செல்லும் தகுதி பெறத் தீயில் மூழ்கி எழவேண்டியிருந்தது என்பது கதை. அத்தீ வளர்க்கப்பட்ட இடம் ஓமக்குளம் என்பது அவ்வூரில் வழங்கிவரும் மரபுச் செய்தி. இக்கதையைப் பக்தியின் உயர்வு என்பாரும் உளர். ஒரு மனிதனைத் தீயிலிட்டு மறைத்த கொடுமையின் தடயம் என்பாரும் உளர். நம் இளைஞர்கள் இவ்விரு கருத்தையும் படித்து ஆராய வேண்டும். யான் இங்குக் கூற வந்தது வேறொன்று. அந்த ஓமக்குளப் பகுதியில்தான் சகஜானந்தர் நந்தனார் மடத்தை நிறுவினார். 1916ஆம் ஆண்டில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, இருபத்தைந்து பிள்ளைகளுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். உள்ளே செல்லத் தீக்குளித்தல் வேண்டும் என்று ஒருவரிடம் கேட்கப்பட்டதாகச் சொல்லப்படும் இடத்தில், எவ்வகைச் சோதனையும் இன்றி நம் பிள்ளைகள் உள்ளே நுழையும் ஒரு வாசல் திறக்கப்பட்டது. இதனினும் தெளிவான மறுமொழி அக்கதைக்கு வேண்டுவதில்லை.

பள்ளி நடத்துதல் என்பது அந்நாளில் பாடம் கற்பித்தல் மட்டுமன்று. பண்ணையில் மாடு மேய்க்கும் சிறுவனைப் பள்ளிக்கு அழைத்து வரவேண்டின், அவன் கூலியை இழக்கும் குடும்பத்திற்கு விடை சொல்லியாக வேண்டும். வயல்வெளிகளுக்கு நடுவே பல கல் தொலைவிலிருக்கும் சேரியிலிருந்து நாள்தோறும் நடந்து வருதல் இயலாது. ஆதலால் தங்க இடம் வேண்டும். தங்கினால் உண்ண உணவு வேண்டும். உணவும் இடமும் அமைந்த பின்னரும், பிள்ளையைத் தொட்டுக் கைபிடித்து எழுத்துக் கற்பிக்க மனம் உடைய ஆசிரியர் வேண்டும். துறவி ஒருவர் ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டி இவற்றையெல்லாம் அமைக்க வேண்டியதாயிற்று. பள்ளியும் விடுதியும் இணைந்தே நம் கல்வி வளர்ந்தது என்பதற்கு நந்தனார் கல்விக் கழகம் ஒரு சான்றாகும்.

சகஜானந்தர் தம் மடத்தளவில் நின்றாரல்லர். சட்டமன்றத்திலும் நெடுங்காலம் பணியாற்றினார். நாடு விடுதலை பெற்ற பின்னர் நடந்த 1952, 1957ஆம் ஆண்டுத் தேர்தல்களில் சிதம்பரம் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். 1959ஆம் ஆண்டு மே முதல் நாள் மறையும் வரை அப்பொறுப்பில் இருந்தார். மடத்தில் தொடங்கிய ஒருவர், பள்ளி வழியாகச் சட்டமன்றம் சென்றார் என்பது சிந்தித்தற்குரியது. அதே காலத்தில் சென்னையில் பெருந்தலைவராக விளங்கிய எம்.சி. ராஜா அவர்களும் பள்ளி ஆசிரியராய்ப் பணி தொடங்கியவரே, பாடநூல்களும் எழுதியவர். நம் அரசியல் வரலாற்றின் முதல் ஏடுகளை எழுதியோருள் பலர் ஆசிரியர்கள் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ள நாங்கள் பெருமையோடும், சிறிது அச்சத்தோடும் நினைத்துப் பார்க்கின்றோம். அந்தப் பொறுப்பை நாங்கள் நிறைவேற்றுகின்றோமா என்பதே அவ்வச்சம்.

இருபத்தைந்து பிள்ளைகளுடன் தொடங்கிய அம்முயற்சி வீண்போகவில்லை. நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அரசு மேல்நிலைப் பள்ளிகள் சிதம்பரத்தில் இன்று நடைபெறுகின்றன. தனியொருவர் தோற்றுவித்ததை அரசு ஏற்று நடத்துகின்றது. சிற்றூர்களிலிருந்து வந்து அங்குப் படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் பரவினர். ஒரு பள்ளியின் சாதனையைத் தேர்ச்சி விழுக்காட்டில் மட்டும் அளத்தல் கூடாது. ஒரு குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்திட்டவர் எத்துணைப் பேரை அது உருவாக்கிற்று என்பதே சரியான அளவுகோல்.

இங்கு ஒரு கேள்வி எழும். நமக்கெனத் தனிப்பள்ளி வைத்தது நம்மைத் தனிமைப்படுத்தவில்லையா? இக்கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் ஓயவில்லை. 1920ஆம் ஆண்டிற்குப் பின் தொழிலாளர் துறையின் கீழ் நம் மக்களுக்கெனப் பள்ளிகள் பெருகின. முதியோர் அவற்றை இன்னும் லேபர் ஸ்கூல் என்பர். அப்பள்ளிகளே பின்னர் நலத்துறைப் பள்ளிகளாயின. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பல துறைகளின் கீழுள்ள பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையுடன் இணைப்பதாகத் தமிழக அரசு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. அப்போது நம் சமுதாயத்தில் இருவேறு கருத்துகள் எழுந்தன. பொதுவில் இணைந்தால் வேற்றுமை ஒழியும் என்றனர் சிலர். நம் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய இடமும் பொருளும் பொறுப்பும் கரைந்துவிடும் என அஞ்சினர் பிறர்.

இவ்விரு தரப்பிலும் நியாயம் உண்டு. பொதுப் பள்ளியே நம் குறிக்கோள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் அமர்ந்துவிட்டால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாங்குநேரியில், உடன் பயின்ற மாணவர்களே நம் சமுதாயத்து மாணவர் ஒருவரை வீடு புகுந்து வெட்டிய செய்தி நம் அனைவரையும் உலுக்கிற்று. தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுப்பட்டார். அதனையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்குதல் அதன் பரிந்துரைகளுள் ஒன்று. 2025ஆம் ஆண்டு ஜூலையில், நலத்துறை விடுதிகள் இனிச் சமூகநீதி விடுதிகள் என வழங்கப்படும் என அரசு அறிவித்தது. பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கதே. 1922ஆம் ஆண்டில் இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்கச் செய்ய எம்.சி. ராஜா அவர்கள் பாடுபட்டதும் இதனாலன்றோ! எனினும் பெயர்ப்பலகைக்கு உள்ளே விளக்கு எரிகின்றதா, உணவு நன்றாக உள்ளதா, ஆசிரியர் இடம் காலியாக உள்ளதா எனக் கேட்க வேண்டியவர்கள் நாமே. சகஜானந்தர் காலத்தில் பள்ளியைக் கட்டுதல் சமுதாயத்தின் பணியாயிருந்தது. இன்று கட்டியதைக் கண்காணித்தல் சமுதாயத்தின் பணியாகும்.

அப்பணி இன்னும் முடியவில்லை என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே சான்று. தமிழகத்தில் பட்டியல் சாதியினருள் ஏழு வயதும் அதற்கு மேலும் உடையோரில் எழுத்தறிந்தோர் 2001ஆம் ஆண்டில் நூற்றுக்கு 63 பேர்; 2011ஆம் ஆண்டில் 73 பேர். பத்தாண்டில் பத்துப் படிகள் ஏறியது பெருமைக்குரியதே. ஆயினும் 2011ஆம் ஆண்டுக் கணக்கில் மாநிலத்தின் பொதுச் சராசரி 80. நம் ஆண்களுள் 81 பேர் எழுத்தறிந்திருக்க, பெண்களுள் எழுத்தறிந்தோர் 66 பேரே. மூன்று பெண்களில் ஒருவர் எழுத்தறியாதவராய் இருந்தார் என்பது இதன் பொருள். அவர்கள் வேறெங்கோ இருப்பவரல்லர்; நம் அன்னையரும் அத்தையரும் ஆவர்.

இளைஞர்களே! உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கின்றேன். முதலாவது, ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் பள்ளியைவிட்டு நிற்கும் பிள்ளையின் வீட்டிற்கு அந்த வாரத்திலேயே செல்லுங்கள். ஒரு திங்கள் கழிந்தால் அவன் வேலைக்குப் போய்விடுவான். அவளுக்குத் திருமணப் பேச்சு எழுந்துவிடும். வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விடுப்புக் குறி விழும்போதே அவ்வபாயத்தைக் கண்டுகொள்ளலாம் என்பதை ஒரு தலைமையாசிரியன் என்ற முறையில் கூறுகின்றேன். இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்கு நம் பெற்றோர் தவறாது செல்லுமாறு செய்யுங்கள். கையெழுத்து மட்டும் இட்டுத் திரும்பாமல், கேள்வி கேட்டுத் திரும்பச் சொல்லுங்கள். மூன்றாவது, உங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளி சென்றவர் யார், எந்த ஆண்டில், எந்தப் பள்ளிக்கு, யார் துணையால் சென்றார் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். நம் வரலாறு பிறர் ஏடுகளில் கணக்காக மட்டுமே உள்ளது. 609 என்னும் எண்ணுக்குப் பின்னே எத்தனை குழந்தைகளின் முகங்கள் இருந்தன என்பதை எழுதியவர் எவருமில்லை. அந்தக் குறை இனி நேரலாகாது.

1916ஆம் ஆண்டில் ஓமக்குளக் கரையில் அமர்ந்த அந்த இருபத்தைந்து பிள்ளைகளின் பெயர்களை யாம் அறியோம். ஆனால் அவர்கள் அன்று எழுந்து சென்றிருந்தால், நாம் இன்று இம்மலரைப் படித்துக்கொண்டிருக்க மாட்டோம். நமது சங்கம் பொன்விழாக் காணும் நாளில் மலர் எழுதப்போகின்றவர்கள், இன்று நம் மாலை வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவர் சிறுமியரே. அவர்களுள் ஒருவரும் இடையில் எழுந்து போகாமற் காப்போமாக.