'நல்ல' கொலஸ்ட்ராலின் கதை - நூறு வயதுக்காரர்களின் ரத்தம் சொன்னதும் சொல்லாததும்

கொலஸ்ட்ராலுக்குப் பெயர் வைத்த மனுஷர் எத்தனை வயது வரை வாழ்ந்தார் தெரியுமா? 102!

மிஷேல் யூஜின் ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர்தான் அவர். 1786-ல் பிறந்தார், 1889-ல் மறைந்தார். பித்தப்பைக் கல்லில் இருந்து எடுத்த மெழுகு மாதிரியான வெள்ளைப் பொருளுக்கு 1815-16 வாக்கில் 'கொலஸ்டரின்' என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் பித்தம், திடம் என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்த பெயர், அவ்வளவுதான். ஈஃபில் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் இவர் பெயரும் உண்டு.

அவர் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று அளந்து பார்க்கும் வசதி அன்று இல்லை. சரி, அளந்திருந்தால்? நூறு தாண்டிய ஒருவரின் ரத்தத்தில் ஏதோ ஒரு எண் வித்தியாசமாக இருக்கிறது என்று வையுங்கள். அந்த எண்தான் அவரை வாழவைத்தது என்று சொல்லிவிடலாமா? கேட்க சின்னக் கேள்விதான். ஆனால் இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லி பெரிய பெரிய மருந்துக் கம்பெனிகளே கையைச் சுட்டுக்கொண்டன. அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

முயல் தின்ற முட்டை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். ரஷ்யப் பேரரசில் பிறந்த மெச்னிகாஃப் (1908-ல் நோபல் பரிசு வாங்கியவர்) நாம் ஏன் மூப்படைகிறோம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். விலங்குப் புரதம் அதிகமானால் உடம்பு சீக்கிரம் கிழடுதட்டும் என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. அதைச் சோதிக்க செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இக்னடோவ்ஸ்கி என்பவர் முயல்களுக்கு இறைச்சி, பால், முட்டை எல்லாம் கொடுத்துப் பார்த்தார். முயல்களின் ரத்தக்குழாய்ச் சுவர்கள் தடித்துப்போயின. பழி புரதத்தின் மேல் விழுந்தது.

1913-ல் அதே ஊரில் நிக்கோலாய் அனிச்கோவும் அவருடைய சக ஆராய்ச்சியாளர் சலாடோவும் ஒரு எளிய காரியம் செய்தார்கள். இறைச்சியும் முட்டையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, சுத்தமான கொலஸ்ட்ராலை சூரியகாந்தி எண்ணெயில் கரைத்துக் கொடுத்தார்கள். வேறு சில முயல்களுக்கு வெறும் எண்ணெய் மட்டும். கொலஸ்ட்ரால் தின்ற முயல்களுக்குத்தான் ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்தது. புரதம் விடுதலை, கொலஸ்ட்ரால் உள்ளே!

இந்த உத்தியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். கூட்டத்தில் இருந்த சந்தேக நபர்களில் ஒருவரை மட்டும் தனியாகப் பிரித்துச் சோதித்தார்கள். கதை முழுக்க இதுதான் வரப்போகிறது.

வண்டியும் சரக்கும்

ரசத்தில் விட்ட எண்ணெய் கரையாமல் மேலே மிதக்கும், இல்லையா? அதுபோல ரத்தத்திலும் கொலஸ்ட்ரால் தானாகக் கரையாது. புரதங்கள்தான் அதைச் சுமந்து செல்லும் வண்டிகள். கொழுப்பும் புரதமும் சேர்ந்த இந்த உருண்டைகளை லிப்போபுரோட்டீன் என்கிறார்கள். 1929-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மாஷ்பஃப் என்பவர் குதிரை ரத்தத்தில் இருந்து இப்படி ஒன்றைப் பிரித்தெடுத்தார்.

அடுத்து வந்தவர் அமெரிக்காவின் ஜான் கோஃப்மன். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் புளுட்டோனியம் பிரித்துக் கொடுத்தவர்! போர் முடிந்ததும் பெர்க்லியில் ரத்தத்தை அதிவேக மையவிலக்கு எந்திரத்தில் போட்டுச் சுற்றினார். தயிரைக் கடைந்தால் வெண்ணெய் மேலே வருகிற மாதிரி, கொழுப்பு அதிகமுள்ள லேசான உருண்டைகள் மேலே வந்தன. புரதம் அதிகமுள்ள கனமான உருண்டைகள் கீழே தங்கின. லேசானது எல்.டி.எல்., கனமானது ஹெச்.டி.எல். மாரடைப்பு வந்தவர்களுக்கு லேசான வகை அதிகமாக இருக்கிறது என்று 1950-ல் எழுதினார். அடுத்த வருடமே நியூயார்க்கில் டேவிட் பார் குழுவினர், இதய நோயாளிகளுக்கு ஹெச்.டி.எல். குறைவாக இருப்பதைச் சொன்னார்கள். ஏனோ இரண்டாவது செய்தியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொள்ள வைத்தது ஃப்ரேமிங்ஹாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள இந்த ஊரில் 1948-ல் 5209 பேரைச் சேர்த்து, யாருக்கெல்லாம் இதய நோய் வருகிறது என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். 1977-ல் வந்த முடிவுகள் 49 முதல் 82 வயது வரை உள்ளவர்களைப் பற்றியவை. அந்த வயதில் மொத்தக் கொலஸ்ட்ராலை வைத்து யாருக்கு ஆபத்து என்று சொல்ல முடியவில்லை. ஆனால் ஹெச்.டி.எல். அதிகமானவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது பளிச்சென்று தெரிந்தது. ஹெச்.டி.எல். 'நல்ல கொலஸ்ட்ரால்' ஆனது இப்படித்தான். குழாயில் படிந்த அழுக்கை அள்ளிக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் குப்பை வண்டி என்ற விளக்கமும் கூடவே பிரபலமானது.

ஒரே கட்டுரை, இரண்டு துப்பு

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. 1976-ல் சின்சினாட்டியைச் சேர்ந்த சார்லஸ் க்ளூக்கும் அவருடைய குழுவினரும் நீண்ட ஆயுள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு வகைக் குடும்பங்கள். ஒன்றில் பரம்பரையாக எல்.டி.எல். மிகக் குறைவு. இன்னொன்றில் பரம்பரையாக ஹெச்.டி.எல். மிக அதிகம். இரண்டிலும் மாரடைப்பு அபூர்வம், ஆயுளும் கூடுதல் என்றார்கள்.

ஒரே கட்டுரையில் இரண்டு துப்புகள்! கெட்டதைக் குறைத்தால் போதுமா? அல்லது நல்லதைக் கூட்டினாலும் நடக்குமா?

முதல் துப்புக்கு விடை ஓரளவு சீக்கிரமே வந்தது. ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சையில் இருந்து முதல் ஸ்டேட்டினைக் கண்டுபிடித்தார். 1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4444 இதய நோயாளிகளிடம் நடந்த சோதனையில் ஸ்டேட்டின் மாத்திரை எல்.டி.எல்.-ஐக் குறைத்தது, மரணங்களையும் சுமார் 30 சதவீதம் குறைத்தது. அதாவது எண்ணை மாற்றினால் விதியும் மாறியது.

இரண்டாவது துப்புக்கு ஆதரவு நூறு வயதுக்காரர்களிடம் இருந்து வந்தது. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் நிர் பார்ஸிலாய் குழுவினர், அஷ்கெனாஸி யூதர்களில் சராசரி 98 வயதான 213 பேரை ஆராய்ந்து 2003-ல் எழுதினார்கள். இவர்களுடைய லிப்போபுரோட்டீன் உருண்டைகள் அளவில் பெரியவை. ஹெச்.டி.எல்.-இல் இருந்து கொலஸ்ட்ராலை மற்ற உருண்டைகளுக்கு மாற்றிவிடும் சி.இ.டி.பி. என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வகை, இவர்களில் சுமார் 25 சதவீதம் பேருக்கு இருந்தது. ஒப்பிட்ட மற்றவர்களில் 9 சதவீதத்துக்கும் குறைவு.

அப்புறம் என்ன? சி.இ.டி.பி.-யைத் தடுத்தால் ஹெச்.டி.எல். ஏறும், ஹெச்.டி.எல். ஏறினால் இதயம் பிழைக்கும். கணக்கு அழகாக இருந்தது. ஃபைசர் கம்பெனி டார்செட்ராபிப் என்ற மருந்தை உருவாக்கி 15,067 பேரிடம் சோதித்தது. ஹெச்.டி.எல். 72 சதவீதம் ஏறியது! எல்.டி.எல். 25 சதவீதம் இறங்கியது!

2006 டிசம்பர் 2-ம் தேதி சோதனையை அவசரமாக நிறுத்தினார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 82 பேர் இறந்திருந்தார்கள். சாப்பிடாதவர்களில் 51 பேர். சுமார் 80 கோடி டாலர் ஆராய்ச்சி ஒரே நாளில் முடிந்தது. பணம் போனால் போகட்டும். ரிப்போர்ட்டில் எண்கள் எல்லாம் அருமையாக மாறிக்கொண்டிருந்தபோதே மனிதர்கள் இறந்துகொண்டிருந்தார்களே, அதுதான் மனதை உறுத்துகிறது.

'அந்த மருந்து ரத்த அழுத்தத்தை ஏற்றியது, அதனால்தான்' என்றார்கள். நியாயமான சமாதானம்தான். ஆனால் 2012-ல் அதே வகையைச் சேர்ந்த டால்செட்ராபிப், 2015-ல் எவாசெட்ராபிப், இரண்டும் பயனில்லை என்று கைவிடப்பட்டன. 2017-ல் அனாசெட்ராபிப் 30,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஹெச்.டி.எல்.-ஐ இரண்டு மடங்காக்கியது. கிடைத்த பலன் 9 சதவீதம். அதுவும் மற்ற கொலஸ்ட்ரால் இறங்கியதாலேயே வந்தது என்று தோன்றியது. கம்பெனி மருந்தை விற்பனைக்கே கொண்டுவரவில்லை.

எச்சரிக்கை முன்னாலேயே இருந்தது

வேடிக்கை என்னவென்றால், அறிகுறிகள் ஏற்கெனவே கண்ணெதிரே இருந்தன. இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் லிமோனே என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு குடும்ப வழியில் ஹெச்.டி.எல்.-இன் முக்கியப் புரதத்தில் ஒரு மாற்றம் உண்டு. அவர்களுக்கு ஹெச்.டி.எல். மிகக் குறைவு, ஆனாலும் இதய நோய் அதிகமில்லை. மிலன் ஆராய்ச்சியாளர்கள் இதை 1980-லேயே எழுதிவிட்டார்கள். ஜப்பானில் ஓமகாரி பகுதியில் இதற்கு நேர் எதிர். அங்கே பலருக்குப் பிறவியிலேயே சி.இ.டி.பி. குறைவு, ஹெச்.டி.எல். மிக அதிகம். ஆனால் அதனால் ஆயுள் கூடவில்லை என்று 1997-ல் சொன்னார்கள்.

கடைசி அடி 2012-ல் விழுந்தது. சேகர் கதிரேசன் தலைமையிலான குழு, பிறவியிலேயே ஹெச்.டி.எல்.-ஐ மட்டும் கூட்டுகிற ஒரு மரபணு மாற்றத்தை எடுத்துக்கொண்டது. வழக்கமான கணக்குப்படி அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவலைப் பார்த்தார்கள். ஒரு சதவீத அளவுக்குக்கூடத் தெளிவான வித்தியாசம் இல்லை! அனிச்கோவ் முயல்களிடம் செய்ததை இயற்கை மனிதர்களிடம் செய்து வைத்திருந்தது, இவர்கள் அதைப் படித்தார்கள். 2017-ல் டென்மார்க்கில் 1,16,508 பேரை ஆராய்ந்தபோது, ஹெச்.டி.எல். மிக மிக அதிகமானவர்களிடம் மரணமும் அதிகமாக இருந்தது.

முதல் துப்பு மட்டும் மேலே மேலே போனது. டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் ஜோனதன் கோஹன், ஹெலன் ஹாப்ஸ் குழுவினர், பி.சி.எஸ்.கே.9 என்ற ரத்தப் புரதம் வேலை செய்யாதவர்களைக் கண்டுபிடித்தார்கள். 2006-ல் அவர்கள் எழுதியபடி, இந்த மாற்றம் உள்ள கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம்தான் குறைவு, ஆனால் இதய நோய் 88 சதவீதம் குறைவு. பிறந்ததில் இருந்து குறைவாகவே இருந்ததன் பலன் அது. 2015-ல் இந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் வந்துவிட்டன. அவை மாரடைப்பையும் குறைக்கின்றன.

அப்போ ஹெச்.டி.எல். என்பது என்ன?

அது பெரும்பாலும் ஒரு அடையாளம். உடல் உழைப்பு, சரியான எடை, சர்க்கரை நோய் இல்லாமை, புகை பிடிக்காமை... இவை இருக்கும் உடம்பில் ஹெச்.டி.எல். சாதாரணமாகக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நல்ல வீட்டு வாசலில் கோலம் இருக்கும். அதற்காகக் கோலம் போட்டால் வீட்டுக் கடன் தீர்ந்துவிடுமா?

முதுமையில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். நெதர்லாந்தின் லைடன் நகரில் 85 வயது தாண்டிய 724 பேரைப் பத்து வருடம் கவனித்து 1997-ல் எழுதினார்கள். கொலஸ்ட்ரால் அதிகமானவர்கள்தான் அதிக நாள் வாழ்ந்தார்கள்! 'பார்த்தீர்களா, கொலஸ்ட்ரால் நல்லதுதான்' என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் புற்றுநோயும் தொற்றும் பலவீனமும் கொலஸ்ட்ராலைக் கீழே இறக்கும். நோய் எண்ணை மாற்றியதா, எண் நோயைத் தந்ததா? 85 வயதுக்காரரைப் பார்த்து மட்டும் அதைச் சொல்ல முடியாது. அந்த வயதுக்கு வராமலே போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லவும் இல்லை.

இது நம் வீட்டு விஷயமும்கூட. அப்பாவின் லேப் ரிப்போர்ட்டில் ஹெச்.டி.எல். நன்றாக இருக்கிறது என்று எல்.டி.எல்.-ஐக் கண்டுகொள்ளாமல் விடும் வீடுகள் எத்தனையோ. நல்லது கெட்டதைச் சரிக்கட்டிவிடும் என்ற நம்பிக்கை. மேலே சொன்ன அறுபது வருட வரலாறு அந்த நம்பிக்கைக்கு ஆதரவாக இல்லை. எல்.டி.எல். அதிகமாக இருந்தால் அதற்கு என்ன செய்வது என்று டாக்டரைக் கேளுங்கள்.

நூறு வயதுக்காரர்களிடம் பாடம் கற்கலாம், தப்பே இல்லை. ஆனால் அவர்கள் ரத்தத்தில் கிடைப்பது துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. உங்களுக்கு என்ன தோன்றுகிறது? சொல்லுங்கள், பேசுவோம்.