தோளில் தூக்கும் வெல்டிங் மெஷின்: இன்வெர்ட்டர் வந்த வழியும் அதைக் காக்கும் முறையும்

மின்சாரத்தால் இரும்பை உருக்கி ஒட்டும் தொழிலுக்கு ஏறக்குறைய நூற்று நாற்பது வயது. ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிக்கொலாய் பெனார்தோஸ், 1881இல் பாரிஸ் நகரில் ஒரு கரிக்கோலுக்கும் உலோகத்துக்கும் இடையே மின்வில்லை மூட்டி, அந்தச் சூட்டிலேயே உலோகத்தை இணைத்துக் காட்டினார். போலந்துக்காரரான ஸ்தானிஸ்லாவ் ஒல்ஷெவ்ஸ்கியோடு சேர்ந்து 1885இல் பிரிட்டனில் காப்புரிமையும் பெற்றார். கிரேக்கக் கொல்லர் தெய்வமான ஹெஃபெஸ்டஸின் பெயரை ஒட்டி இந்த முறைக்கு ‘எலெக்ட்ரோஹெஃபெஸ்ட்’ என்று பெயர் வைத்தார். மின்சாரம் தந்தவை வரிசையாக அடுக்கிய பாட்டரிகள். ஒட்டு பிடித்தது, ஆனால் கோலிலிருந்து கரி உருகிய இரும்பில் கலந்து, ஒட்டிய இடத்தை நொறுங்கும்படி ஆக்கியது.

பெர்ம் நகரத்துப் பீரங்கித் தொழிற்சாலையில் பணிபுரிந்த நிக்கொலாய் ஸ்லாவ்யானோவ், 1888இல் கரிக்கோலை நீக்கிவிட்டு உலோகக் கம்பியையே வைத்தார். மின்வில்லை மூட்டுவதும் அந்தக் கம்பிதான், உருகி ஒட்டாக நிரம்புவதும் அதே கம்பிதான். இன்றைக்குப் பட்டறையில் ‘ராடு’ என்று சொல்லும் பொருள் அங்கே பிறந்தது. வெறும் கம்பிக்கு ஒரு குறை இருந்தது. உருகிய உலோகம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டது. ஸ்வீடனின் கோதன்பர்க் துறைமுகத்தில் நீராவிக் கப்பல்களின் கொதிகலன்களைப் பழுதுபார்த்துவந்த ஆஸ்கர் செல்பெரி இதற்கு வழி கண்டார். கம்பியின்மேல் ஒரு பூச்சு கொடுத்தால், அது எரிந்து புகையும் கசடுமாகி உருகிய குழம்பை மூடிக் காக்கும். 1904இல் அவர் தொடங்கிய நிறுவனமே இன்றைய ஈசாப்.

காக்கும் பூச்சு தீங்கும் கொண்டுவந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ராடுகளின் மேல் நீல ஆஸ்பெஸ்டாஸ் நூலே சுற்றப்பட்டது. அது ஒழிந்துவிட்டது, புகை ஒழியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மின்வில்லின் புற ஊதாக் கதிரும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆகவே கதவைத் திறந்துவைப்பது, புகை முகத்துக்கு நேரே எழாதபடி நிற்பது, துத்தநாகம் பூசிய குழாயில் ஒட்டுவதற்குமுன் அந்த இடத்துப் பூச்சைத் தேய்த்து எடுப்பது ஆகியவற்றைக் கட்டாயமாகக் கொள்ள வேண்டும். துத்தநாகப் புகையை இழுத்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும்.

கண்ணுக்கு வரும் கேடும் இப்படி நேரம் கழித்தே தெரியும். வெறுங்கண்ணால் மின்வில்லைப் பார்த்தவர் அப்போது ஒன்றும் உணர்வதில்லை. சில மணி நேரம் சென்றபின், பெரும்பாலும் படுக்கப் போகும் வேளையில், கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் கரிக்கும். உருளைக்கிழங்கு வில்லை வைப்பது, தாய்ப்பால் விடுவது என்று ஊர்களில் கைவைத்தியம் உண்டு. எரிந்திருப்பது கருவிழியின் மேல்தோல். அங்கே அழுக்குப் படாமல் காத்து மருத்துவரிடம் போவதே சரி. வரவிருக்கும் கேட்டைத் தடுப்பது கறுப்புக் கண்ணாடி ஒன்றுதான். 100 முதல் 200 ஆம்பியர் வரை நடக்கும் வேலைக்கு 10 அல்லது 11ஆம் எண் கண்ணாடி பொருந்தும். மின்வில் மூண்டதும் தானே கறுக்கும் முகமூடி 1981இல் ஸ்வீடனில் விற்பனைக்கு வந்தது. ஒரு கையால் ஷீல்டைப் பிடித்துக்கொண்டு, ராடை வைக்கும் இடம் தெரியாமல் ஒரு கணம் வெறுங்கண்ணால் பார்க்கும் பழக்கத்துக்கு அதுவே நல்ல மாற்று.

இனி மின்சாரம் தரும் பெட்டியின் கதை. தொடக்கத்தில் சுழலும் டைனமோக்களே நேர்மின்சாரம் கொடுத்தன. மாறுமின்சாரத்தில் மின்னோட்டம் விநாடிக்கு நூறு முறை சுழிக்குப் போய்த் திரும்புவதால், வெறும் கம்பியில் மின்வில் அணைந்து அணைந்து போகும். நல்ல பூச்சு ராடு வந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. சுழலும் உறுப்பே இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் மலிவாகப் பட்டறைக்குள் நுழைந்தது.

இந்தியாவில் 1951இல் அத்வானி–ஓர்லிக்கான் நிறுவனம் ராடு உற்பத்திக்கெனத் தோன்றியது. தமிழ்நாட்டில் இத்தொழிலின் பெரும் பள்ளி திருச்சிதான். 1960களில் அங்கே எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை முழுக்க முழுக்க வெல்டிங்கை நம்பியது. 1975இல் அந்த வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது.

சிறு பட்டறைகளை ஆண்டது டிரான்ஸ்ஃபார்மர் மெஷின். செம்புச் சுருளும் இரும்புத் தகடுகளும் எண்ணெய்க்குள் அமிழ்ந்திருக்கும் கனத்த பெட்டி. நூறு கிலோவைத் தாண்டும் எடை, கீழே சக்கரங்கள், மேலே ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இரும்புத் துண்டு நகர்ந்து ஆம்பியர் கூடும், குறையும். மூன்று ஃபேஸ் இணைப்பில் இரண்டு ஃபேஸை எடுத்து 415 வோல்ட்டில் ஓட்டுவது வழக்கம். மழைச்சாரல், கிரைண்டர் தூசு, ஏறி இறங்கும் வோல்டேஜ் எதுவும் அதை எளிதில் அசைக்காது. நாள் முழுதும் சூடேறினாலும் எண்ணெய் தாங்கிக்கொள்ளும். அந்த மெஷினிடம் தொழில் பழகிய தலைமுறைக்கு, வெல்டிங் மெஷின் என்றால் கவனிக்காமல் விட்டாலும் ஓடும் பொருள் என்ற எண்ணம் ஊறிப்போயிற்று. அதன் இடத்துக்கு வந்த எடை குறைந்த இன்வெர்ட்டர் மெஷின்கள் பல அற்பாயுளில் போவதற்கு இந்த எண்ணமே பெரிய காரணம்.

அந்தக் கனம் எங்கிருந்து வந்தது? டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உடல் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை மின்சாரத்தின் அதிர்வெண் தீர்மானிக்கிறது. விநாடிக்கு 50 சுற்று என்றால் ஒவ்வொரு சுற்றிலும் நிறைய காந்தப்பாயத்தைத் தாங்கியாக வேண்டும். பெரிய உடல் தேவை. அதே ஆற்றலை விநாடிக்குப் பல்லாயிரம் சுற்றாக அனுப்பினால், கைக்குள் அடங்கும் ஃபெரைட் உடலே போதும். கோட்பாடு பழையது. இல்லாமல் இருந்தது, நூற்றுக்கணக்கான வோல்ட்டை அத்தனை வேகத்தில் திறந்து மூடும் சுவிட்ச்.

பின்லாந்தின் கெம்ப்பி நிறுவனம் 1977இல் ‘ஹில்ஆர்க் 250’ என்ற மெஷினைக் கொண்டுவந்தது. இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்களின் வரலாறு அதிலிருந்து எண்ணப்படுகிறது. அக்காலத்துச் சுவிட்சுகள் ஒவ்வொன்றிலும் ஒரு குறை. தைரிஸ்டரை மூட்டுவது எளிது, நினைத்தபோது அணைப்பது கடினம். மாஸ்ஃபெட் வேகமானது, உயர் வோல்ட்டில் அதன் தடை கூடிச் சூடேறும். இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் சென்னையில் 1948இல் பிறந்து, 1969இல் சென்னை ஐஐடியில் பட்டம் பெற்ற ஜெயந்த் பாலிகா. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் 1980களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய ஐஜிபிடி என்ற சுவிட்ச், மாஸ்ஃபெட்டைப் போல எளிதில் இயங்கி, இருமுனை டிரான்சிஸ்டரைப் போலத் தாராளமாக மின்னோட்டத்தைக் கடத்தியது. ரயில் எஞ்சின், மின்கார், குளிர்சாதனம் என எங்கும் அது நுழைந்தது. 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு பாலிகாவுக்குக் கிடைத்தது. 200 ஆம்பியர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுபவர்களில் மிகச் சிலருக்கே இந்தப் பெயர் தெரியும். தெரிந்திருக்க வேண்டிய பெயர் அது.

இன்றைய இன்வெர்ட்டரில் மின்சாரம் நான்கு படிகளைக் கடக்கிறது. 230 வோல்ட் மாறுமின்சாரம் முதலில் நேர்மின்சாரமாகிப் பெரிய மின்தேக்கிகளில் ஏறக்குறைய 325 வோல்ட்டாக நிற்கிறது. ஐஜிபிடிகள் அதைப் பல்லாயிரம் துடிப்புகளாக வெட்டுகின்றன. சிறு டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத் தாழ்த்தி ஆம்பியரை உயர்த்துகிறது. கடைசியில் மீண்டும் நேர்மின்சாரமாகி, ராடைப் பிடிக்கும் ஹோல்டருக்கு வருகிறது. இந்த அமைப்பு தெரிந்தவருக்கு, மெஷினோடு வரும் கையேட்டின் விதிகள் ஒவ்வொன்றும் ஏன் என்று விளங்கும்.

முதல் விதி இணைப்பைப் பற்றியது. பழைய மெஷின் இருந்த இடத்தில், அதே இரண்டு ஃபேஸ் வயரில், 230 வோல்ட் இன்வெர்ட்டரை மாட்டினால் மின்தேக்கிகளில் 580 வோல்ட்டுக்கு மேல் ஏறும். சுவிட்ச் போட்ட கணமே உள்ளேயுள்ள மின்னணுப் பலகை வெடிக்கும். ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், முறையான எர்த் என்று டெஸ்டரை விட்டு மீட்டரால் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். எர்த் இல்லாமல் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. மெலிந்த நீள வயரில் இழுத்தால் வோல்டேஜ் விழும். அதை ஈடுகட்ட மெஷின் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து உள்ளே சூடாகும். ஜெனரேட்டரில் ஓட்டுவதானால் மெஷினின் தேவையைவிட ஒன்றரை மடங்காவது பெரியதாக இருக்கட்டும். ஜெனரேட்டர் சீராக ஓடத் தொடங்கியபின் மெஷினைப் போடுவதும், மெஷினை அணைத்தபின் ஜெனரேட்டரை நிறுத்துவதும் முறை.

மாறுமின்சாரத்தில் பழகியவருக்குப் புதிதான இன்னொன்று முனை. டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் எந்த வயரை எங்கே மாட்டினாலும் ஒன்றே. இன்வெர்ட்டரில் பிளஸ், மைனஸ் உண்டு. 7018 போன்ற ராடுகளுக்கு ஹோல்டர் பிளஸ்ஸில் இருக்க வேண்டும். 6013 இரண்டிலும் எரியும். ராடு பெட்டியின் மேலேயே இது அச்சிட்டிருக்கும். 7018 ஈரம் வாங்கினால் ஒட்டில் ஹைட்ரஜன் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அதனால்தான் ராடை அடுப்பிலிட்டுச் சூடாக்கிய பிறகே எடுக்கிறார்கள்.

வேலை விகிதம் என்ற அளவை அலட்சியம் செய்யக் கூடாது. 200 ஆம்பியரில் 60 விழுக்காடு என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஒட்டலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். இந்த அளவு 40 டிகிரி வெயிலுக்கு எனச் சர்வதேசத் தரம் வகுத்திருக்கிறது. தகரக் கூரைக்கு அடியில் சித்திரை மாதத்து நண்பகலில் வெப்பம் அதைத் தாண்டும். அப்போது ஓய்வும் கூட வேண்டும். சூட்டு விளக்கு எரிந்தால் மெஷினை அணைத்துவிடக் கூடாது. விசிறி ஓடிக்கொண்டே இருந்தால்தான் உள்சூடு இறங்கும்.

மின் அதிர்ச்சி ராடை மாற்றும் வேளையில்தான் அதிகம் நேர்கிறது. மின்வில் எரியும்போது ஹோல்டரில் இருபது, முப்பது வோல்ட்தான். ஒட்டாமல் சும்மா பிடித்திருக்கும்போது அது அறுபது, எண்பது வரை நிற்கும். வியர்த்த உடம்பும் ஈரக் கையுறையுமாகத் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும் உயிரைப் பறிக்க. சும்மா இருக்கும்போது வோல்ட்டைத் தானே தாழ்த்திவிடும் அமைப்புள்ள மெஷினும், அபாயம் மிகுந்த இடத்துக்கு ஏற்றது எனக் காட்டும் ‘எஸ்’ முத்திரையும் இத்தகைய வேலைக்கே. வாங்கும்போது கேட்டு வாங்குவது நல்லது. எர்த் கிளாம்ப் ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில், சுரண்டிய சுத்தமான இரும்பில் கடிக்க வேண்டும். தொலைவில் மாட்டினால் மின்சாரம் பேரிங், சங்கிலி, கேஸ் சிலிண்டர் என்று கிடைத்த வழியில் ஓடி அங்கெல்லாம் சுடும்.

நெருப்பு அபாயத்துக்கு ஒரு பெரிய சான்று நியூயார்க் துறைமுகத்தில் உண்டு. 1942 பிப்ரவரி 9 அன்று, படைவீரர்களை ஏற்றிச்செல்லும் கப்பலாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்த ‘நார்மண்டி’ என்ற பெருங்கப்பலில் கேஸ் கட்டிங் பொறி குவிந்துகிடந்த உயிர்காப்பு அங்கிகளில் விழுந்தது. கப்பல் எரிந்து, அணைக்கக் கொட்டிய நீரின் பாரத்தால் கவிழ்ந்தது. வேலையிடத்தைச் சுற்றிப் பத்து மீட்டருக்கேனும் எரியும் பொருளை அகற்றுவதும், வேலை முடிந்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆள் இருந்து பார்ப்பதும் இப்படிப்பட்ட இழப்புகள் கற்பித்த பழக்கங்கள். பெயின்ட் டின், பெட்ரோல் டேங்க் போன்ற மூடிய பாத்திரங்களில், காலியானது என்று நம்பி ராடை வைத்தவர்கள் பலர் உயிரிழந்திருக்கிறார்கள்.

பராமரிப்பில் முதல் எதிரி இரும்புத் தூசு. விசிறி காற்றோடு கிரைண்டர் தூசையும் உள்ளே இழுத்துப் பலகைமேல் படியவைக்கும். ஈரக் காற்றும் சேர்ந்தால் அந்தப் படிவு மின்சாரத்தைக் கடத்தும். எனவே கிரைண்டரின் பொறி மெஷின் பக்கம் பறக்காதபடி தள்ளி வைக்க வேண்டும். சுவரிலிருந்து ஓர் அடியாவது விலகியிருந்தால் காற்று போய்வரும். தூசு மிகுந்த பட்டறையில் மாதம் ஒருமுறையாவது ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்ப்ரசர் காற்றில் நீரும் எண்ணெயும் இருக்கக் கூடாது. அழுத்தம் குறைவாக இருக்கட்டும். விசிறி வேகமாய்ச் சுழன்று கெடாதபடி அதைப் பிடித்துக்கொள்வது நல்லது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று, எங்கும் பல்லியும் கரப்பானும் தனித் தொல்லை. வேலையில்லாத நாளில் உறை போட்டு, உலர்ந்த இடத்தில் தரைக்கு மேலே வைப்பது இவற்றைக் குறைக்கும்.

கேபிளையும் அதன் முனையிலுள்ள லக்கையும் தினம் ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம், மெஷினை அணைத்த பிறகு. சூடாக இருக்கும் லக் தளர்ந்திருக்கிறது என்று பொருள். முன்பக்கத்துச் செருகியை முறுக்கிப் பூட்டாமல் விட்டால், அங்கே எழும் பொறி செருகியையும் பெட்டியின் முகப்பையும் கருக்கிவிடும். உறை கிழிந்த கேபிளுக்கு டேப் சுற்றுவது அன்றைக்கான சமாளிப்பு. அந்தத் துண்டை வெட்டியெறிந்து புது லக் போடுவதே பழுது நீக்கம்.

மூடியைக் கழற்றுவது வேறு கதை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்து, மீட்டரை வைத்து வோல்ட் இறங்கியதை உறுதிசெய்த பிறகே உள்ளே கை போக வேண்டும். தூசு ஊதுவது, லக் முறுக்குவது, விசிறி சுற்றுகிறதா என்று பார்ப்பது ஆகியவை பட்டறைக்காரரின் வேலை. ஐஜிபிடிப் பலகையைத் தொடுவது மின்னணுப் பழுது பயின்றவரின் வேலை.