பாட்டுக்கு மறுநாள்

1983இல் மைக் ஓல்ட்ஃபீல்டின் இசையில் ‘மூன்லைட் ஷேடோ’ என்றொரு ஆங்கிலப் பாட்டு வந்தது. பாடியவர் ஸ்காட்லாந்துப் பாடகி மேகி ரைலி. கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். ஆனால் பாட்டு சொல்வது ஒரு சாவை. விடிவதற்கு முன்பு காதலனை யாரோ சுட்டுவிடுகிறார்கள். வானுலகத்திலாவது அவனைப் பார்த்துவிட மாட்டோமா என்று காதலி ஏங்குகிறாள். நான்கு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஜப்பானில் ஒரு கல்லூரி மாணவிக்கு அது முடியவில்லை. கவிஞரும் விமர்சகருமான யோஷிமொட்டோ தகாஅகியின் மகள் அவர். நிஹோன் பல்கலைக்கழகக் கலைக் கல்லூரியில் இலக்கியம் படித்தவர். பட்டத்துக்காக ஒரு குறுநாவல் எழுதிக் கொடுத்தார். பாட்டின் பெயரையே அதற்கும் வைத்தார். கல்லூரியில் பரிசு கிடைத்தது. 1988இல் ‘கிச்சன்’ தொகுப்பில் அது அச்சேறியபோது ஆசிரியர் பெயர் பனானா யோஷிமொட்டோ. வாழைப்பூ மேல் இருந்த பிரியத்தில் அவரே சூட்டிக்கொண்ட பெயர்.

பாட்டிலிருந்த துப்பாக்கியை அவர் எடுத்துவிட்டார். கதை பிறந்த இடம் அதுதான் என்று நினைக்கிறேன். கதையில் காதலன் ஹிதோஷி கார் விபத்தில் போகிறான். கோபப்படக்கூட ஆள் இல்லை. பழிவாங்கவும் துப்புத் துலக்கவும் எதுவும் இல்லாதபோது, மிஞ்சுவது மறுநாள் காலை ஒன்றுதான். அந்தக் காலைகளைத்தான் யோஷிமொட்டோ எழுதினார். அவன் காதலி சட்சுகிக்குத் தூக்கம் வருவதில்லை. விடியலில் எழுந்து ஆற்றுப் பாலம்வரை ஓடுகிறாள், அங்கிருந்து திரும்பிவிடுகிறாள். ஹிதோஷியும் அவளும் சந்தித்துக்கொண்ட பாலம் அது. அதே விபத்தில் ஹிதோஷியின் தம்பி ஹீராகியும் தன் காதலி யுமிகோவை இழந்திருக்கிறான். அவன் அவளுடைய பள்ளிச் சீருடையை, பாவாடையோடு, உடுத்திக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். ஊர் என்ன சொல்லும் என்ற கவலை அவனுக்கு இல்லை. துக்கத்தைப் பற்றி எத்தனையோ காதல் கதைகள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. இங்கே ஒருத்தி ஓடுகிறாள், ஒருவன் பாவாடை கட்டுகிறான். படிக்கிறவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ள அதுவே போதும்.

இன்னொரு வேரும் இதற்கு உண்டு. வானத்து ஆற்றின் இரு கரைகளில் பிரிந்து நிற்கும் நெசவுக்காரியும் மாட்டுக்காரனும் ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும் கதை, சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போய் தனபாதா திருவிழாவானது. யோஷிமொட்டோவின் கதையிலும், பாலத்தில் சட்சுகி சந்திக்கும் உராரா என்ற பெண், நூறாண்டுக்கு ஒருமுறை அந்தப் பாலத்தடி ஆற்றில் நேரும் ஓர் அதிசயத்தைச் சொல்கிறாள். ஆங்கிலப் பாட்டில் காதலன் எட்டாத மறுபக்கத்தில் இருக்கிறான். யோஷிமொட்டோ அந்த மறுபக்கத்தை எதிர்க்கரையாக்கினார். கண்ணுக்குத் தெரியும், கால் வைக்க முடியாது. அங்கே என்ன நடக்கிறது என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். ஹிதோஷி தன் பயணப் பாஸ் உறையில் கட்டியிருந்த, சட்சுகி கொடுத்த சின்ன மணியை மட்டும் மறக்காமல் வைத்திருங்கள்.

மலேசிய இயக்குநர் எட்மண்ட் இயோ 2021இல் இந்தக் கதையைப் படமாக்கினார். ஆனாலும் தொகுப்புக்குப் பெயர் தந்த கதைதான் பேச்சையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. ‘மூன்லைட் ஷேடோ’ புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது. வேண்டியவர் ஒருவரை அண்மையில் இழந்தவர் கையில் அந்தப் புத்தகம் கிடைத்தால், பின்பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.