மனச்சுமைக்கு ஒரு தராசு

நீலகிரித் தேயிலையில் எல்லாவற்றுக்கும் எடை உண்டு. பறித்த கொழுந்துக்குக் கிலோ கணக்கு, அதற்கு மேல் பறித்தால் கூடுதல் காசு. குன்னூரில் 1963 முதல் நடக்கிற ஏலத்திலும் கிலோ விலைதான். ராத்திரி ஷிஃப்டில் டிரையர் முன்னால் நிற்பவரின் கவனத்துக்கு மட்டும் எடை கிடையாது. அதை அளக்கப் போய் நான் மாட்டிக்கொண்டேன்.

களைப்பை அளப்பது பழைய ஆசை. முதல் உலகப்போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலை ஆட்கள் சோர்ந்துபோவதைப் பார்த்து, பிரிட்டன் 1915இல் ஒரு குழு போட்டது. 1918இல் அதற்கென்று தனி ஆராய்ச்சி வாரியமே வந்தது. உற்பத்தி எப்போது குறைகிறது, விபத்து எப்போது கூடுகிறது என்று பார்த்துக் களைப்பைக் கணித்தார்கள். தசைக்கு இது சரி. தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்வதோ மூக்கும் உள்ளங்கையும். வாடிய இலையைக் கைக்குள் அமுக்கிவிட்டால் பந்து மாதிரி நிற்க வேண்டும். நொதிக்கும்போது பச்சை செம்பு நிறமாகும், பச்சை வாடை போய் ஒரு கனிந்த மணம் வரும். அந்த நிமிடத்தைப் பிடித்து டிரையருக்கு அனுப்ப வேண்டும். 1930களில் அசாமில் பிறந்த சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டியதில் நொதிப்பது வேகமானது. மூக்குக்குக் கிடைத்த அவகாசம் சுருங்கியது.

அப்புறம் திரைகள் வந்தன. 1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர், தானியக்கத்தின் முரண்களைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். சுலபமான வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளும். ஆள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது கெட்டால் அந்த நொடியில் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். என் தொழிலில் இருப்பவர்கள் வேலையில் சேரும் அன்றே படிக்க வேண்டியது. நான் பத்து வருடம் கழித்துப் படித்தேன்.

1988இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்திலிருந்து சாண்ட்ரா ஹார்ட்டும் லோவல் ஸ்டேவ்லேண்டும் டி.எல்.எக்ஸ். என்ற அளவுகோலை வெளியிட்டார்கள். மூளை உழைப்பு, உடல் உழைப்பு, அவசரம், எவ்வளவு நன்றாகச் செய்தோம், முயற்சி, எரிச்சல். ஆறு கோடுகள், ஒவ்வொன்றும் 0 முதல் 100 வரை. விமானி முதல் நர்ஸ் வரை இன்றைக்கு எல்லோரிடமும் நீட்டப்படுகிறது.

நானும் நீட்டினேன். குன்னூர் பக்கம் ஒரு ஃபேக்டரிக்கு டிரையர் வெப்பத்தைக் காட்டும் திரையை எழுதிக்கொடுத்திருந்தேன். இரண்டு டிகிரி விலகினாலே சிவப்பாகும், பஸ்ஸர் அலறும். ரெண்டாவது வாரம் போய்ப் பார்த்தால் பஸ்ஸர் மேல் சாக்குத்துணி. கோபத்தை அடக்கிக்கொண்டு டி.எல்.எக்ஸ். தாளைத் தமிழில் அச்சடித்துக் கொண்டுபோனேன்.

ஆபரேட்டர் ஐம்பதைத் தாண்டியவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். (அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க வனத்துறை 1968இல் தொடங்கிய தோட்டங்கள்தான் 1976இல் டான்டீ ஆயின.) முதல் கோட்டுக்கு ‘மனச்சுமை’ என்று பெயர் வைத்திருந்தேன்.

“மனச்சுமையா? இருக்கு தம்பி. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்.”

தப்பு என்னுடையது. தமிழில் மனச்சுமை என்றால் கவலை. “மூளைக்கு எவ்வளவு வேலை?” என்று மாற்றிக் கேட்டேன்.

“மூளைக்கு என்ன வேலை? பாத்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்.” 10 போட்டார். அவசரத்துக்கு 90. நன்றாகச் செய்தோமா என்ற கோட்டில் மட்டும் இடது முனை ‘நன்று’, வலது முனை ‘மோசம்’. மற்ற கோடுகளைப் போலவே வலது பக்கம்தான் அதிகம் என்று நினைத்து, பெருமையாக வலது ஓரத்தில் குறித்தார்.

தாளை அப்படியே முதலாளிக்கு அனுப்பியிருந்தால் அதன் பொருள்: மூளைக்கு வேலை இல்லை, இருக்கிற வேலையையும் மோசமாகச் செய்கிறார்.

கிழித்துப் போட்டேன். கடைசியில், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். ஏன் அண்ணே துணி போட்டீங்க?

“அது கத்துறப்ப டிரையர் சத்தம் கேக்கல தம்பி.”

சத்தத்தை வைத்தே டிரையரில் இலை கனமாக விழுகிறதா, சன்னமாக விழுகிறதா என்று சொல்லிவிடுவாராம். திரை அதைக் காட்டாது. நான் அதற்கு சென்சார் வைக்கவில்லை.

மறுநாள் இரண்டு டிகிரியை ஐந்தாக்கினேன், பஸ்ஸர் சத்தத்தையும் குறைத்தேன். துணியை அவர் எடுக்கவில்லை.